மேக்டியூட்டர் கணித வரலாற்றுத் தொகுப்பு: சோஃபியா கோவலெவ்ஸ்காயாவின் வாழ்வை வைத்து ஒரு மதிப்பீடு

மேல்நிலை வகுப்பு மாணவியருக்குக் கணிதம் கற்பிப்பவள் நான். ரஷ்யக் கணிதவியலர் சோஃபியா கோவலெவ்ஸ்காயாவைப் பற்றி அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசும் பொறுப்பு எனக்கு வந்தபோது, கைக்குக் கிடைத்த குறிப்புகளையெல்லாம் சேர்த்து வைத்துப் படித்தேன். பெரும்பாலானவை மூன்று செய்திகளோடு நின்றுவிட்டன. சிறுமியாக இருந்தபோது அவருடைய அறைச் சுவரில் கணிதத் தாள்கள் ஒட்டப்பட்டிருந்தன. நவீன ஐரோப்பாவில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண் அவர். நாற்பத்தொரு வயதில் இறந்தார். மூன்றும் உண்மைதான். ஆனால் அவர் செய்த கணிதம் என்ன என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. ஓர் இசைக் கலைஞரைப் பற்றி எழுதும்போது அவர் எங்கே பிறந்தார், எப்போது மறைந்தார் என்பதை மட்டும் சொல்லி, அவர் பாடிய ஒரு பாட்டைக்கூடக் குறிப்பிடாமல் விட்டால் நாம் பொறுத்துக்கொள்வதில்லை. கணிதவியலர் விஷயத்தில் மட்டும் அதை எப்படியோ ஏற்றுக்கொண்டுவிட்டோம்.

இந்தக் குறையோடுதான் மேக்டியூட்டர் கணித வரலாற்றுத் தொகுப்பைத் திறந்தேன். அதன் ஒவ்வொரு பக்கத்தையும் மதிப்பிடுவது ஒருவரால் ஆகாத வேலை. ஒரே ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதைத் தேடி வருபவருக்கு இந்தச் சேவை எவ்வளவு தூரம் துணையாகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத்துறை இதை நடத்தி வருகிறது. ஜான் ஓ'கானர், எட்மண்ட் ராபர்ட்சன் என்னும் இரு கணிதவியலர்கள் தொடங்கியது. மெக்கின்டோஷ் கணினியில் கணிதம் கற்பிக்க அவர்கள் உருவாக்கிய மென்பொருளின் பெயர்தான் இத்தொகுப்புக்கும் நிலைத்துவிட்டது. இன்று 3000-க்கும் மேற்பட்ட கணிதவியலரின் வாழ்க்கை வரலாறுகள் இதில் உள்ளன. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்துகொள்ளும் தொல்லையும் இல்லை. லண்டன் கணிதக் கழகம் 2015-இல் கணித வரலாற்றுக்கான ஹர்ஸ்ட் பரிசை இவ்விருவருக்கும் வழங்கியது. இவ்வளவு பெரிய வேலையை இத்தனை ஆண்டுகள் பொதுச் சொத்தாக நடத்தி வருபவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே தொடர்வதே முறை.

கோவலெவ்ஸ்காயாவின் பக்கத்தைத் திறந்தவுடன் பிறந்த நாளும் ஊரும், இறந்த நாளும் ஊரும், ஓரிரு வரிச் சுருக்கமும் ஒரு கட்டத்துக்குள் தெரியும். 1850 ஜனவரி 15, மாஸ்கோ. 1891 பிப்ரவரி 10, ஸ்டாக்ஹோம். ரஷ்யாவில் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியே நடப்பில் இருந்ததால் சில நூல்களில் அவர் பிறந்த நாள் ஜனவரி 3 என்று காணப்படும். இரண்டும் ஒரே நாள்தான். மாணவர்கள் இரண்டு இடங்களில் இரண்டு தேதிகளைப் பார்த்துவிட்டு ஒன்று தவறு என்று முடிவுகட்டிவிடுவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பெயரும் அப்படித்தான். அவர் சோஃபியா, சோன்யா, சோஃபி என்று பலவாறு அழைக்கப்பட்டார். குடும்பப் பெயரை ரஷ்ய மரபுப்படி கோவலெவ்ஸ்காயா என்று பெண்பாலில் எழுதுவோரும் உண்டு, மேற்கத்திய முறையில் கோவலெவ்ஸ்கி என்று எழுதுவோரும் உண்டு.

சுவர்த்தாள் கதைக்கு வருகிறேன். தந்தை வாசிலி கோர்வின் குருகோவ்ஸ்கி பீரங்கிப் படையின் உயர் அதிகாரி. அவர் பணி ஓய்வு பெற்றபின் குடும்பம் பாலிபினோ என்ற ஊரில் இருந்த தங்கள் பண்ணை மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. வீட்டுக்கு வாங்கிய சுவர்த்தாள் ஓர் அறைக்குப் போதவில்லை. அந்தக் குழந்தைகள் அறையின் சுவரில், தந்தை இளமையில் வாங்கி வைத்திருந்த, பேராசிரியர் ஆஸ்ட்ரோகிராட்ஸ்கியின் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டிவிட்டார்கள். சிறுமி சோஃபியா அந்தச் சுவரின் முன் மணிக்கணக்கில் நின்று, எந்தத் தாளுக்குப்பின் எந்தத் தாள் வரவேண்டும் என்று வரிசை தேடிக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் அவரே எழுதிவைத்த நினைவு இது. மேக்டியூட்டர் இதைச் சொல்வதோடு நில்லாமல் அடுத்த நிகழ்ச்சிக்கும் அழைத்துச் செல்கிறது. என் கணிப்பில் சுவர்த்தாளைவிட அந்த அடுத்த நிகழ்ச்சிதான் கணிதம் கற்பிப்போர் மனத்தில் பதிய வேண்டியது.

பக்கத்துப் பண்ணைக்காரரான பேராசிரியர் தீர்தோவ் தாம் எழுதிய இயற்பியல் பாடநூல் ஒன்றை அக்குடும்பத்துக்குக் கொடுத்தார். ஒளியியல் பகுதியைப் படிக்கத் தொடங்கிய சோஃபியா, சைன் என்ற சொல் வந்த இடத்தில் தடுமாறினார், ஏனென்றால் முக்கோணவியலை அவருக்கு யாரும் கற்பித்திருக்கவில்லை. சிறிய கோணங்களுக்கு வட்டத்தின் நாணைச் சைனுக்குப் பதிலாக வைத்துக்கொண்டால் வாய்பாடுகள் ஏறக்குறைய ஒத்துவருகின்றன என்று தாமாகவே கண்டுகொண்டு மேலே படித்துச் சென்றார். கணித வரலாற்றில் சைன் என்னும் கருத்தே நாணிலிருந்துதான் பிறந்தது என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்: பல நூற்றாண்டுகள் நடந்த பாதையை அந்தப் பெண் ஒரு பாடநூலின் சில பக்கங்களுக்குள் மீண்டும் நடந்திருக்கிறார். இதைக் கண்டு வியந்த தீர்தோவ், அவரைப் பாஸ்கலோடு ஒப்பிட்டுத் தந்தையிடம் வாதாடினார். படித்த பெண்களைப் பிடிக்காத தந்தை நெடுநாள் கழித்தே இசைந்தார். அதன் பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தனி ஆசிரியரிடம் நுண்கணிதம் கற்கும் வாய்ப்பு அமைந்தது.

ரஷ்யப் பல்கலைக்கழகங்களின் கதவு அப்போது பெண்களுக்கு அடைத்திருந்தது. வெளிநாடு போக வேண்டுமென்றால் தந்தையின் அல்லது கணவரின் எழுத்துவழி இசைவு வேண்டும். தந்தை இசையவில்லை. ஆகவே 1868-இல், பதினெட்டு வயதில், விளாடிமிர் கோவலெவ்ஸ்கி என்ற இளைஞரைப் பெயருக்குத் திருமணம் செய்துகொண்டார். விளாடிமிர் டார்வினின் எழுத்துகளை ரஷ்யாவில் பரப்பியவர், பின்னர்த் தொல்லுயிரியலில் தமக்கென ஓரிடம் பெற்றவர். படிப்பதற்காகத் திருமணம் செய்துகொள்வது அக்காலத்து ரஷ்ய இளைஞரிடையே ஒரு வழியாகவே இருந்தது. 1869-இல் ஹைடல்பெர்க் சென்ற சோஃபியா, அங்கே முறையான மாணவியாகச் சேர முடியாமல், ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று விரிவுரைகளைக் கேட்டார். அவருக்குப் பாடம் சொன்னவர்களில் கிர்க்காஃப், ஹெல்ம்ஹோல்ட்ஸ், கோனிக்ஸ்பெர்கர் ஆகியோர் இருந்தனர்.

பிறகு பெர்லின். அந்தப் பல்கலைக்கழகம் விரிவுரை கேட்பதற்குக்கூட அவரை உள்ளே விடவில்லை. அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த கார்ல் வையர்ஷ்ட்ராஸ் முதலில் தயங்கி, சில கடினமான கணக்குகளைக் கொடுத்தனுப்பினார். சோஃபியா கொண்டுவந்து காட்டிய விடைகளைப் பார்த்தபின், வாரந்தோறும் தம் வீட்டிலேயே தனியாகக் கற்பிக்கத் தொடங்கினார்.

மேக்டியூட்டரின் உண்மையான வலிமை எனக்கு இங்கேதான் தெரிந்தது. வாழ்க்கை வரலாற்றில் இன்னொரு கணிதவியலரின் பெயர் வரும் இடமெல்லாம் அவருடைய பக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. வையர்ஷ்ட்ராஸின் பெயரைத் தொட்டு அவர் பக்கத்துக்குப் போனேன். சட்டமும் நிதியும் படிக்க அனுப்பப்பட்டுப் பட்டம் பெறாமல் திரும்பியவர், பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து, நாற்பது வயதை ஒட்டி ஒரே ஆய்வுக் கட்டுரையால் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்டவர். அதைப் படித்தபின்தான், கதவடைத்த பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஒருவர் ஏன் தம் வீட்டுக் கதவைத் திறந்தார் என்பது எனக்கு ஓரளவு புரிந்தது. வாழ்க்கை வரலாற்றைத் தனித்தனி ஏடுகளாகப் படிக்கும்போது கிடைக்காத வெளிச்சம் இது. அங்கிருந்து, அதே ஆசிரியரின் மற்றொரு மாணவரும் பின்னாளில் கோவலெவ்ஸ்காயாவை ஸ்வீடனுக்கு அழைத்தவருமான மிட்டாக் லெஃப்ளரின் பக்கத்துக்கும் போய்வரலாம். ஒரு மாலைப்பொழுது இப்படியே கழிந்ததில் எனக்கு வருத்தமில்லை.

1874-இல் கோவலெவ்ஸ்காயா மூன்று ஆய்வுகளைக் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்திடம் அளித்து, நேரில் தேர்வுக்குச் செல்லாமலே, மிக உயர்ந்த தகுதியோடு முனைவர் பட்டம் பெற்றார். மூன்றில் ஒன்று, ஏபெல் என்ற கணிதவியலரின் பெயரால் வழங்கும் ஏபெல் தொகையீடுகளைப் பற்றியது. இன்னொன்று சனிக்கோளின் வளையங்களின் வடிவத்தைப் பற்றியது. அவ்வளையத்தின் குறுக்குவெட்டு நீள்வட்டம் என்று லாப்லாஸ் கொண்டிருந்தார். அது ஒருபக்கம் குறுகிய முட்டை வடிவாக இருக்கவேண்டும் என்று கோவலெவ்ஸ்காயா கணக்கிட்டார். மூன்றாவதுதான் அவர் பெயரை இன்றும் பல்கலைக்கழக வகுப்பறைகளில் ஒலிக்கச் செய்வது: பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பற்றிய தேற்றம்.

மேக்டியூட்டர் இந்தத் தேற்றத்தின் பெயரையும் பெருமையையும் சொல்கிறது. வாசகர் தாமே செய்துபார்த்து உணரும் அளவுக்கு அதை விரித்துக் காட்டுவது ஒரு வாழ்க்கை வரலாற்றின் வேலையன்று என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் என் மாணவியருக்கு அந்த விரிவுதான் தேவைப்பட்டது, ஆதலால் அதை நானே செய்துகொண்டேன். இந்தச் சேவையைப் பயன்படுத்த வருவோருக்கு உதவுமென்று அதை இங்கே எழுதுகிறேன்.

தேற்றம் சொல்வது இது. ஒரு பொருளின் நிலை காலப்போக்கில் எப்படி மாறும் என்பதைக் கூறும் சமன்பாடு நம்மிடம் இருக்கிறது. தொடக்க நிலையும் தெரியும். அவற்றில் வரும் சார்புகள் எல்லாம் அடுக்குத் தொடர்களாக, அதாவது மாறிகளின் அடுத்தடுத்த அடுக்குகளின் கூட்டாக, விரியக்கூடியவை என்றால், அடுக்குத் தொடராகவே ஒரு தீர்வு, அதுவும் ஒன்றே ஒன்று, தொடக்கத்துக்கு அருகில் நிச்சயம் உண்டு. இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: சமன்பாட்டில் காலத்தைச் சார்ந்த வகைக்கெழுவின் வரிசையைவிட மற்ற வகைக்கெழுக்களின் வரிசை மிகக்கூடாது. தனிப்பட்ட சில வகைகளுக்குக் கோஷி முன்பே ஒரு முடிவைக் கண்டிருந்ததால், இன்று இது கோஷி கோவலெவ்ஸ்காயா தேற்றம் எனப்படுகிறது.

அந்த நிபந்தனை வெறும் பாதுகாப்புக்காகச் சேர்த்தது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். அது இல்லாவிட்டால் தேற்றமே பொய்த்துவிடும் என்று, வெப்பம் பரவுவதைக் கூறும் வெப்பச் சமன்பாட்டைக் கொண்டு கோவலெவ்ஸ்காயா காட்டியதுதான் வையர்ஷ்ட்ராஸையே வியக்கவைத்தது. வெப்பச் சமன்பாட்டில் காலத்தைச் சார்ந்து ஒரு முறையும் இடத்தைச் சார்ந்து இரண்டு முறையும் வகையிடுகிறோம், நிபந்தனை உடைந்துவிடுகிறது. ஒரு புள்ளியின் தொடக்க வெப்பநிலை, 1-ஐ 1 கழித்தல் தொலைவு என்பதால் வகுத்துக் கிடைப்பது என்று வைத்துக்கொள்ளலாம். தொலைவு சுழியாக இருக்கும் புள்ளியில் பின்வரும் வெப்பநிலையைக் காலத்தின் அடுக்குத் தொடராக எழுதினால் அதன் கெழுக்கள் 1, 2, 12, 120, 1680, 30240 என்று வரும். ஒவ்வொன்றையும் அதன் முந்தையதால் வகுத்தால் 2, 6, 10, 14, 18. அதாவது பெருக்கும் எண் ஒவ்வொரு படியிலும் 4 கூடிக்கொண்டே போகிறது. அதற்கு எல்லையே இல்லை. காலத்தை நூற்றில் ஒரு பங்காக எடுத்தாலும், இருபத்தைந்து உறுப்புகள் தாண்டியபின் அத்தொடர் சிறுப்பதை நிறுத்திப் பெருக்கத் தொடங்கும். எவ்வளவு சிறிய காலத்தை எடுத்தாலும் இதே கதைதான். தொடர் எங்கும் ஒருங்குவதில்லை, அதாவது அதன் கூட்டுத்தொகை ஓர் எண்ணை நெருங்கி நிலைப்பதில்லை. எளிமையான, பழக்கமான, இயற்கையிலிருந்து வந்த ஒரு சமன்பாட்டுக்கு, நல்ல தொடக்க நிலை கொடுத்தும், அடுக்குத் தொடர்த் தீர்வு கிடையாது.

அந்த ஆறு எண்களையும் கரும்பலகையில் எழுதி விகிதம் காணச் சொன்னபோது, வகுப்பில் யாரும் அதைக் கடினம் என்று சொல்லவில்லை. 1874-இல் முனைவர் பட்டம் பெற்ற ஓர் ஆய்வின் நடுநரம்பைப் பதினாறு வயது மாணவியரால் தொட்டுப் பார்க்க முடிகிறது. வாழ்க்கை வரலாற்றுச் சேவை எதுவாக இருந்தாலும் இப்படி ஓர் எடுத்துக்காட்டைச் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை எனக்கு உண்டு.

பட்டத்துக்குப் பின் ரஷ்யா திரும்பிய அவருக்கு, சிறுமியர் பள்ளியின் தொடக்க வகுப்புகளில் எண்கணிதம் சொல்லித்தருவதைத் தவிர வேறு வேலை கிடைக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கணிதத்தை ஏறக்குறைய விட்டிருந்தார். 1878-இல் மகள் பிறந்தாள். வீட்டுமனை முதலீடுகளில் இறங்கிய கணவரும் மனைவியும் கையில் இருந்ததை இழந்தனர். 1880-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய இயற்கை அறிவியலாளர் மாநாட்டில், ஏபெல் தொகையீடுகளைப் பற்றிய தம் பழைய ஆய்வை வாசித்ததுதான் அவரை மீட்டுக் கொண்டுவந்தது. 1883-இல், தொழிலில் சிக்கிக்கொண்ட விளாடிமிர் தற்கொலை செய்துகொண்டார். இந்தப் பகுதியை மேக்டியூட்டர் மிகையின்றி, கண்ணீரைத் தூண்டும் முயற்சியின்றிச் சொல்கிறது. துயரத்தை வைத்துப் புகழ் கட்டும் பழக்கம் இதில் இல்லாதது எனக்கு மிகவும் பிடித்தது.

அதே ஆண்டு இறுதியில் மிட்டாக் லெஃப்ளரின் முயற்சியால் ஸ்டாக்ஹோம் சென்றார். அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த உயர்கல்விக்கூடத்தில் 1884-இன் தொடக்கத்தில் ஜெர்மன் மொழியில் விரிவுரையாற்றத் தொடங்கினார். அந்த ஆண்டே ஐந்தாண்டுக் காலத்துக்குப் பேராசிரியரானார்; ஆக்டா மாத்தமாட்டிகா ஆய்விதழின் ஆசிரியர் குழுவிலும் இடம்பெற்றார். பெண் ஒருவர் கணிதப் பேராசிரியராக இருப்பதே இயற்கைக்கு மாறானது என்று நாடகாசிரியர் ஸ்டிரிண்ட்பெர்க் எழுதிய காலம் அது. 1889-இல் கோவலெவ்ஸ்காயாவின் பதவி நிலையானதாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலியின் லவுரா பாஸ்ஸி, மரியா அன்யேசி ஆகியோருக்குப்பின் ஐரோப்பியப் பல்கலைக்கழக அளவிலான ஓர் இருக்கையைப் பெற்ற பெண் அவர்தான். முதற்பெண் என்று எழுதிவிட்டுப் போகாமல் அந்த இரண்டு இத்தாலியப் பெண்களையும் நினைவுபடுத்துவது மேக்டியூட்டரின் நேர்மைக்கு ஒரு சான்று. அவ்விருவருக்கும் அங்கே தனிப்பக்கங்கள் உண்டு.

அவர் புகழின் உச்சி 1888-இல் பாரிஸ் அறிவியல் கழகம் வழங்கிய போர்தேன் பரிசு. போட்டியாளர் பெயரை நடுவர்கள் அறியக்கூடாது என்பது விதி. கட்டுரையின்மேல் ஒரு பொன்மொழியை மட்டும் எழுதி, பெயரைத் தனி உறையில் முத்திரையிட்டு வைக்கவேண்டும். தெரிந்ததைச் சொல், செய்யவேண்டியதைச் செய், வருவது வரட்டும் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வாசகத்தை அவர் எழுதியிருந்தார். வந்திருந்த பதினைந்து கட்டுரைகளில் அதைத் தேர்ந்தெடுத்த நடுவர்கள், அதன் தகுதி கருதிப் பரிசுத் தொகையை 3000 பிராங்கிலிருந்து 5000 பிராங்காக உயர்த்தினர். உறையைப் பிரித்தபோது வெளிவந்தது ஒரு பெண்ணின் பெயர். உயர்த்திய தொகை மாணவியர் எல்லோருக்கும் நினைவில் நிற்கிறது. எதற்காக உயர்த்தினார்கள் என்பதையும் அவர்கள் அறிய வேண்டும்.

ஒரு புள்ளி நிலையாகப் பிடிக்கப்பட்ட திண்மப் பொருள், தன் எடையின் கீழ் எப்படிச் சுழலும் என்பதே கேள்வி. நம் ஊர்ப் பம்பரம் அதன் எளிய வடிவம். ஆணி முனை ஓரிடத்தில் ஊன்றியிருக்க, பம்பரம் தன்னையும் சுற்றி, தலையையும் சாய்த்துச் சுற்றிவருகிறது. இதன் இயக்கச் சமன்பாடுகளை எழுதியவர் பதினெட்டாம் நூற்றாண்டின் ஆய்லர். எழுதுவது ஒன்று, தீர்ப்பது வேறு. முழுமையாகத் தீர்க்க, இயக்கம் முழுவதும் மாறாமலிருக்கும் நான்கு அளவுகள் தேவை. மூன்று எப்போதும் கிடைத்துவிடும். ஆற்றல் மாறாமலிருப்பது அவற்றில் ஒன்று. நான்காவதுதான் அகப்படுவதில்லை. பிடித்த புள்ளியும் ஈர்ப்பு மையமும் ஒன்றாக இருக்கும்போது அது கிடைக்கும் என்று ஆய்லர் காட்டினார். சமச்சீரான பம்பரத்தில் ஈர்ப்பு மையம் அச்சின்மேலேயே இருக்கும்போது கிடைக்கும் என்று லாக்ராஞ்சு காட்டினார். அதற்குப்பின் நூறு ஆண்டுகள் யாராலும் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியவில்லை.

கோவலெவ்ஸ்காயா கேள்வியையே மாற்றிக் கேட்டார். காலம் என்பதை மெய்யெண்ணாக மட்டும் பார்க்காமல் கலப்பெண்ணாகக் கொண்டால், தீர்வுகள் சில இடங்களில் முடிவிலிக்குப் போகும். அப்படிப் போகும் இடமெல்லாம் ஒரு பின்னத்தின் பகுதி சுழியாகும்போது நேர்வதுபோல ஒழுங்காக அமையவேண்டும் என்றால், பொருளின் வடிவம் எப்படி இருக்கவேண்டும்? விடை தேடியபோது ஆய்லரின் நிலையும் லாக்ராஞ்சின் நிலையும் தாமாகவே வந்து நின்றன. கூடவே, யாரும் கண்டிராத ஒன்றும் வந்தது. முதன்மை அச்சுகள் மூன்றையும் சார்ந்த நிலைமத் திருப்புத்திறன்கள் (சுழல் வேகம் மாறுவதைப் பொருள் எதிர்க்கும் அளவுகள்) 2, 2, 1 என்ற விகிதத்தில் இருந்து, ஈர்ப்பு மையம் சமமான இரண்டு அச்சுகளின் தளத்தில் இருந்தால் நான்காவது மாறா அளவு உண்டு. அந்த அளவு சுழல் வேகங்களில் நான்காம் படியைச் சேர்ந்தது. லாக்ராஞ்சின் அளவு முதற்படி, ஆய்லருடையது இரண்டாம் படி என்பதோடு ஒப்பிட்டால், கண்ணை மூடிக்கொண்டு தேடியிருந்தால் இது ஒருநாளும் கைக்கு வந்திருக்காது என்பது தெரியும். கண்டதோடு நில்லாமல், இரண்டு மாறிகளையுடைய தீட்டாச் சார்புகள் என்னும் சிறப்புச் சார்புகளைக் கொண்டு தீர்வை முடிவுவரை எழுதியும் காட்டினார். பெர்லினில் வையர்ஷ்ட்ராஸிடம் கற்ற ஏபெல் தொகையீடுகள்தான் பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் இங்கே கைகொடுத்தன. இன்று அது கோவலெவ்ஸ்காயா பம்பரம் எனப்படுகிறது. கலப்புத் தளத்தில் தீர்வின் ஒழுங்கைச் சோதித்து, ஒரு சமன்பாடு தீர்க்கத்தக்கதா என்று அறியும் அவருடைய வழியோ அந்தப் பம்பரத்தையும் தாண்டி, இன்றும் இயற்பியலாளர்கள் நடக்கும் பாதையாகிவிட்டது.

அவருடைய புகழைப் பேசும்போது ஒரு பிழையையும் பேசவேண்டும். படிகங்களில் ஒளி விலகுவதைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் தவறு இருப்பதை, அவர் மறைவுக்குப்பின் இத்தாலியக் கணிதவியலர் வோல்டெரா கண்டார். இதைச் சொன்னால் மாணவியர் சோர்ந்துபோவார்கள் என்று முதலில் அஞ்சினேன். அவர்களோ, அப்படியானால் மற்ற கட்டுரைகளையும் பிறர் இதே கண்டிப்போடு சரிபார்த்திருக்கிறார்கள் அல்லவா என்று கேட்டார்கள். ஆம், பார்த்திருக்கிறார்கள்; அவை நிற்கின்றன.

1889-இல் ரஷ்யக் கணிதவியலர் செபிஷெவ் முதலானோரின் முயற்சியால், விதியையே மாற்றி, ரஷ்யப் பேரரசின் அறிவியல் கழகம் அவரைத் தொடர்பு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. ஆனால் தாய்நாட்டில் ஓர் ஆசிரியப் பதவியை மட்டும் கடைசிவரை யாரும் அவருக்குத் தரவில்லை. 1891-இன் தொடக்கத்தில் தென் ஐரோப்பாவிலிருந்து ஸ்டாக்ஹோம் திரும்பும் குளிர்காலப் பயணத்தில் நோயுற்று, நுரையீரல் அழற்சியால் இறந்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிய கடிதங்களை வையர்ஷ்ட்ராஸ் எரித்துவிட்டார்; வையர்ஷ்ட்ராஸ் அவருக்கு எழுதியவை மட்டும் எஞ்சின. ஒரு நீண்ட உரையாடலின் ஒரு பாதிக் குரல்தான் இன்று நமக்குக் கேட்கிறது. அவர் புகழைப் பிறர் சொல்லக் கேட்கவேண்டிய நிலை ஏற்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சோவியத் ஒன்றியம் 1951-இல் அவர் உருவத்தோடு அஞ்சல்தலை வெளியிட்டது. நிலவில் ஒரு பள்ளத்துக்கும், ஒரு சிறுகோளுக்கும் அவர் பெயர் உண்டு. ஜெர்மனியின் ஹும்போல்ட் நிறுவனம் இளம் ஆய்வாளர்களுக்கு அவர் பெயரில் விருது வழங்கியது.

இனி, இந்தச் சேவை யாருக்கு ஏற்றது என்பதைச் சொல்லவேண்டும். ஆங்கிலம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் இப்படி ஒரு தொகுப்பு இன்னும் இல்லாதது நம் பக்கத்துக் குறை. மேல்நிலை மாணவருக்கு மொழிநடை கடினமாக இராது. ஒவ்வொரு வாழ்க்கை வரலாற்றுக்கும் பின்னால் நூல்பட்டியல் தரப்பட்டிருப்பதால், ஆழமாகச் செல்ல விரும்பும் கல்லூரி மாணவருக்கும் அது வாயிலாகிறது. ஆசிரியர்களுக்கு இதைவிட நம்பகமான இலவசத் துணை ஒன்றை நான் கண்டதில்லை. கணிதத்தையே அங்கே கற்றுக்கொள்ளலாம் என்று எதிர்பார்த்துச் செல்பவருக்கு மட்டும் ஏமாற்றம் வரலாம். வாழ்க்கைக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண்ணும், கணித விளக்கத்துக்கு மூன்றும் தருவேன்.

படிக்கும் வரிசையைப் பற்றி ஒரு சொல். கோவலெவ்ஸ்காயாவின் பக்கத்தை முதலில் ஒருமுறை நிறுத்தாமல் படித்துவிடுங்கள். பிறகு வையர்ஷ்ட்ராஸ், மிட்டாக் லெஃப்ளர், செபிஷெவ் ஆகியோரின் பக்கங்களுக்குப் போய்விட்டு, மறுபடியும் அவர் பக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் முறை படிக்கையில் ஒரு தாளும் பென்சிலும் பக்கத்தில் இருக்கட்டும். 30240-க்குப்பின் என்ன எண் வரும் என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம்.